மழை தொடங்கியதும் மலைக்குக் கிளம்புகிறீர்களா? மதுரையிலிருந்து முதல்முறை பைக்கில் போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்து நாலு தூறல் போட்டாலே மதுரைக்காரர்களுக்கு மலை ஞாபகம் வந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பனிமூட்டப் படம் ஒன்றைப் போடுவார்கள், சனிக்கிழமை ராத்திரி வரை ‘போலாமா வேண்டாமா’ என்று பேச்சு ஓடும், ஞாயிறு விடிவதற்குள் கொடைரோடு டீக்கடைகளில் பைக்குகள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையில் முதல்முறை நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். காளவாசல் சிக்னலில் பத்து வருஷம் வண்டி ஓட்டியவராக இருந்தாலும் சரி, மழைக்கால மலைப்பாதையில் ஓட்டியதில்லை என்றால் நீங்களும் புதியவர்தான்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான். மழை தொடங்கும்போது ரோடும் மலைச்சரிவும் எதிரெதிர் திசையில் போகும். கோடை முழுக்க ரோட்டில் படிந்த டீசல், ஆயில், டயர் ரப்பர், தூசி எல்லாம் முதல் தூறலில் ஊறி வழவழப்பாக மேலே வரும். அதனால் பருவத்தின் முதல் இரண்டு மூன்று மழைகளில்தான் தார் ரோடு மிக மோசமாக வழுக்கும். நன்றாக ஒரு மழை அடித்துக் கழுவிவிட்டால் ரோடு தேறிவிடும். சரிவோ அப்படியில்லை. காய்ந்து வெடித்த மண் முதல் மழையைக் குடித்துக்கொள்ளும், இரண்டாவதையும் குடிக்கும், விடாமல் பெய்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கனம் தாங்காமல் பாறையும் மரமுமாகச் சேர்ந்து இறங்கிவிடும். ஆக நமக்குக் கிடைப்பது நடுவில் ஒரு சின்ன இடைவெளி: ரோடு கழுவப்பட்டிருக்க வேண்டும், மண் இன்னும் ஊறிப்போயிருக்கக் கூடாது. நல்ல மழை ஒன்றிரண்டு அடித்து, அப்புறம் இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்திருந்தால் கிளம்பலாம். அதுவரை வண்டியைத் துடைத்துக்கொண்டு வீட்டில் இருங்கள்.

எந்த மலையில் எப்போது மழை

மதுரையில் நின்றுகொண்டு ‘மழைக்காலம் தொடங்கிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்ல முடியாது. நம்மைச் சுற்றி இருக்கும் மலைகளுக்கு இரண்டு தொடக்கம் உண்டு. ஜூன் முதல் வாரம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் குமுளி, போடிமெட்டு, மேகமலையின் மேற்குப் பக்கம் எல்லாம் நனைய ஆரம்பிக்கும். கம்பம், கூடலூர் வரை சாரல் எட்டிப் பார்க்கும். அதே நாளில் ஆண்டிபட்டி கணவாய்க்கு இந்தப் பக்கம் வெயில் கொளுத்தும், காற்று மட்டும் வண்டியைத் தள்ளும். அக்டோபர் நடுவிலோ மூன்றாம் வாரத்திலோ வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் சிறுமலைக்கும் கொடைக்கானல் மலையின் கிழக்குச் சரிவுக்கும் உண்மையான மழைக்காலம். நமக்கு ஐப்பசி அடைமழை என்பது இதுதான்.

இதில் புதியவர்கள் எதில் தொடங்கலாம்? என் யோசனை சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் ரோட்டில் பிரிந்து ஏறும் பாதை, 18 கொண்டை ஊசி வளைவுகள், பெரிய உயரமும் இல்லை, நெரிசலும் குறைவு. பயமாக இருந்தால் பாதியில் திரும்பினாலும் அரை மணி நேரத்தில் திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வாசலில் இருப்பீர்கள். அது பழகியதும் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ரோடு. அதிலும் முதல்தடவை வழியில் வரும் டம்டம் பாறை காட்சிமுனை வரை போய்விட்டு இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 வளைவுகள். கொச்சியையும் மதுரையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85 அது, ஜீப்பும் லாரியும் நிறைய வரும், மழைக்காலத்தில் பாறை உருண்டு போக்குவரத்து நிற்பது அங்கே வழக்கமான செய்தி. மேகமலையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னமனூர் தாண்டி தென்பழனி சோதனைச்சாவடியில் ஆரம்பிக்கும் அந்தப் பாதையின் 18 வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். படிக்க அழகாக இருக்கும், ஆனால் மேலே போகப் போக ஆளே இருக்காது, உதவிக்கு யாரும் வர நேரமாகும்.

முந்தின நாள் பார்க்க வேண்டியவை

வானிலை அறிவிப்பைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதிலுள்ள வார்த்தைகளுக்குக் கணக்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை. ‘மிக கனமழை’ என்றால் 204.4 வரை. அதற்கு மேல் ‘அதி கனமழை’. திண்டுக்கல், தேனி மாவட்டங்களுக்கு இந்த மூன்றில் எந்த வார்த்தை வந்தாலும் புதியவர்கள் மலைக்குப் போக வேண்டாம், கிளம்பும்போது மதுரையில் வானம் நீலமாக இருந்தாலும் சரி. மதுரை மாவட்டத்துக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. நீங்கள் ஓட்டப்போகும் மலை இருக்கும் மாவட்டம் எது என்று பாருங்கள்.

அறிவிப்பைவிட நான் அதிகம் நம்புவது அருவிச் செய்திகளை. பெரியகுளம் கும்பக்கரை அருவியில் குளிக்கத் தடை என்று வந்தால் கொடைக்கானல் மலையில் நேற்று நல்ல மழை என்று பொருள். அந்தத் தண்ணீர் அங்கிருந்துதான் இறங்குகிறது. சுருளி அருவிக்குத் தடை என்றால் மேகமலைப் பக்கம் பெய்திருக்கிறது. தடை போட்டு நாலைந்து நாளாகியும் எடுக்கவில்லையா, மலை ஊறிவிட்டது, அந்த வாரத்தை விட்டுவிடுங்கள். தடை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தால் நான் முதலில் சொன்ன இடைவெளி வந்திருக்க வாய்ப்பு உண்டு. வைகை அணையின் மட்டமும் ஒரு குறிப்புதான். முழுக் கொள்ளளவு 71 அடி, 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. தண்ணீர் திறந்துவிட்டால் மதுரைக்குள் யானைக்கல் தரைப்பாலமும் ஆற்றோர ரோடுகளும் மூடப்படலாம், காலை ஐந்து மணிக்கு இருட்டில் பேரிகேடைப் பார்த்துத் திகைக்காமல் வேறு வழி யோசித்து வையுங்கள்.

அடுத்தது அனுமதி. கொடைக்கானலுக்கு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது, கிளம்பும் முன்பே இணையத்தில் எடுத்துக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நின்று சிக்னல் தேடுவது வீண் வேலை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அங்கே கொண்டுபோகக் கூடாது, ஒரு எவர்சில்வர் பாட்டிலில் வீட்டுத் தண்ணீரை எடுத்துப்போனால் போதும். மேகமலை 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. சோதனைச்சாவடியில் காலை 6 மணிக்கு மேல்தான் விடுவார்கள், மாலை 6 மணிக்குள் இறங்கிவிட வேண்டும். வனத்துறை காரணம் சொல்லாமலே மூடிவிடும் நாட்களும் உண்டு. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் பக்கம் வந்தபோது மேகமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை விடவில்லை. அப்படி மூடியிருந்தால் வாக்குவாதம் வேண்டாம், திரும்பி வந்து சின்னமனூரில் நல்ல டீ குடியுங்கள்.

கார்த்திகை முதல் தேதிக்கு அப்புறம் சபரிமலை வண்டிகள் வேறு சேர்ந்துகொள்ளும். அந்தச் சமயத்தில் நெரிசலுக்கு ஏற்ப போலீஸ் கம்பம்மெட்டு வழியாகப் போகவிட்டு குமுளி வழியாகத் திரும்பவிடுவது உண்டு. ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டிவரும் டிரைவர்கள் எதிரே வருவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

வண்டி

டயரைப் பார்க்காமல் வேறு எதைப் பார்த்தும் பயனில்லை. பட்டன் தேய்ந்த டயரில் மழைக்கால மலை ஏறவே கூடாது. டயரின் பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருக்கும், ஓரத்தில் முக்கோணக் குறியோ டி.டபிள்யு.ஐ. என்ற எழுத்தோ அதைக் காட்டும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. ‘இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்’ என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லலாம், பைபாஸில் ஓடும், டம்டம் பாறையில் ஓடாது. காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கட்டும். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது சேற்றுப் பாதைக்கான வேலை. தார் ரோட்டில் காற்றைக் குறைத்தால் வளைவில் வண்டி தள்ளாடும்.

பிரேக் ஷூ, டிஸ்க் பேடு இரண்டையும் மெக்கானிக்கிடம் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஏறும்போது பிரேக் அவ்வளவாகத் தேவைப்படாது, இறங்கும் ஐம்பது கிலோமீட்டரும் அதை நம்பித்தான். செயினைச் சரியான தொய்வில் வைத்து எண்ணெய் போடுங்கள், முன் லைட், பின் லைட், இண்டிகேட்டர், ஹாரன் எல்லாம் எரிகிறதா அடிக்கிறதா பாருங்கள். பெட்ரோல் அடிவாரத்திலேயே நிரப்பிவிடுங்கள், மேகமலைக்கு என்றால் சின்னமனூரிலேயே.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் போகலாமா என்று கேட்பார்கள். ஏறிவிடும், அதில் சந்தேகமில்லை. இறங்கும்போது இன்ஜின் பிடித்து நிறுத்துவது அதில் ரொம்பக் குறைவு, முழுப் பாரமும் பிரேக்கில் விழும், சூடாகி ஒரு கட்டத்தில் லீவரை அழுத்தினாலும் பிடிக்காது. மழைக்காலத்தில், அதுவும் இரண்டு பேராக, முதல்தடவை மலைக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நண்பரின் பழைய ஸ்பிளெண்டர் கிடைத்தால் அதை வாங்கிப் போங்கள், நிதானமாக இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கும்.

உடுப்பு

மதுரை கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர், கொடைக்கானல் 2,100 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் குறையும் என்று கணக்குப் போட்டால் 13 டிகிரி வித்தியாசம். காய்ந்த உடம்புக்கு அது சுகமான குளிர்தான், நனைந்த சட்டையோடு காற்றில் ஓட்டினால் அரை மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும், மரத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது. அதனால் கையுறை அலங்காரத்துக்கு இல்லை. ரெயின்கோட் சட்டையும் பேண்டுமாகத் தனித்தனியாக இருக்கட்டும். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியான கோட்டு காற்றில் பறந்து செயினிலோ சக்கரத்திலோ சிக்கும். பின்னால் உட்காருகிறவரின் துப்பட்டாவுக்கும் சேலைத் தலைப்புக்கும் இதே எச்சரிக்கை.

ரெயின்கோட்டை மழை வந்ததும் நிறுத்திப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மலைப்பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, வளைவில் நின்று பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தால் பின்னால் வரும் பஸ் என்ன செய்யும்? கொடைக்கானல் என்றால் அடிவாரத்தில் இருக்கும் காட்ரோட்டிலேயே போட்டுக்கொண்டு ஏறுங்கள், கொஞ்சம் வேர்க்கும், பரவாயில்லை. ஒரு செட் மாற்று உடையை பாலிதீன் கவரில் கட்டி, கைப்பேசியை இன்னொரு கவரில் வையுங்கள். மேகமலைப் பக்கம் வண்டியை நிறுத்தி புல்லில் இறங்குகிற எண்ணம் இருந்தால் அட்டைக்குக் கொஞ்சம் உப்போ மூக்குப்பொடியோ எடுத்துக்கொள்ளலாம்.

அடிவாரம் வரை

மழைக்கால அக்டோபரில் இந்தப் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் கட்டும். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பி, மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் சாப்பிடுவது மாதிரி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்குப் பொங்கல், வடை முடித்துக் கிளம்புகிறவர்கள்தான் மாலை மழையில் மாட்டுகிறவர்கள்.

ராத்திரி மழை பெய்திருந்தால் ஊருக்குள்ளேயே மணிநகரம் கர்டர் பாலம் போன்ற சுரங்கப்பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள், தேங்கிய தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று இருட்டில் தெரியாது. வாடிப்பட்டி, சோழவந்தான், கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி வயல் ஓரங்களில் இன்னொரு தொந்தரவு உண்டு. தொழி உழுத டிராக்டர் வயலிலிருந்து ஏறும் இடத்தில் ரோட்டில் சேறு பட்டையாக ஒட்டியிருக்கும். அதில் பிரேக் போட்டால் விழுவது நிச்சயம். பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, சேற்றின் மேல் நேராக, எதையும் தொடாமல் உருண்டு கடந்துவிடுங்கள்.

ஏறும்போது

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குகிறவர் வழி விட வேண்டும் என்பது சாலை விதி. ஆனால் எதிரே இறங்குவது பஸ் என்றால் விதியைப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவை. ஹாரன் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே இடது ஓரம் ஒதுங்கி நின்று அதை விட்டுவிட்டு ஏறுங்கள். வளைவுக்குள் நுழைந்துவிட்டு ‘ஐயோ’ என்று நின்றால் ஏற்றத்தில் ஒரு கால் ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டியிருக்கும், அங்கேதான் புதியவர்கள் சாய்வார்கள்.

வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள் கிளட்ச் பிடிக்காதீர்கள், பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். உள்வளைவின் ஓரத்தை ஒட்டி ஏறினால் தூரம் குறையும் என்று தோன்றும். மழை அடித்துக்கொண்டு வந்த சல்லியும் மண்ணும் சேருகிற இடமும் அதுதான், முழு டேங்க் பஸ், லாரிகள் திரும்பும்போது டீசல் சிந்துகிற இடமும் அதுதான். ஈர ரோட்டில் வானவில் நிறத்தில் பளபளப்பு தெரிந்தால் அது டீசல், விலகி ஓட்டுங்கள். வெள்ளைப் பெயிண்ட் கோடுகள், வேகத்தடைப் பட்டைகள், இரும்புச் சட்டங்கள், வெயிலே படாத நிழல் வளைவுகளில் கான்கிரீட் மேல் படிந்த பாசி, உதிர்ந்த சருகு எல்லாமே வழுக்கும்.

ரோட்டைப் பார்ப்பதோடு நிற்காமல் மலைப்பக்கச் சுவரையும் பாருங்கள். புதியவர்கள் பள்ளத்தாக்குப் பக்கமே பார்த்துக்கொண்டு வருவார்கள், அழகு அங்கே இருப்பதால். ஆபத்து வருவது மேட்டுப் பக்கத்திலிருந்து. சின்னச் சின்னக் கல் ரோட்டில் புதிதாகச் சிதறியிருக்கிறதா, முன்பு வறண்டிருந்த தடுப்புச் சுவரில் கலங்கலான தண்ணீர் பீறிடுகிறதா, மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து வேர் தெரிகிறதா என்று கவனியுங்கள். ஓடையில் தெளிந்த தண்ணீர் ஓடினால் மழை விட்டு நேரமாகிவிட்டது, செம்மண் நிறத்தில் ஓடினால் மேலே இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அந்த இடத்தில் படம் எடுக்க நிற்காதீர்கள், அடுத்த ஊர் வந்ததும் விசாரியுங்கள். கொடைக்கானல் ரோட்டில் ஊத்து, பெருமாள்மலை மாதிரி இடங்களில் டீக்கடைக்காரர்களுக்கும் மேலிருந்து இறங்கும் பஸ் டிரைவர்களுக்கும் தெரியாத செய்தியே கிடையாது. ‘அண்ணே, மேல ரோடு எப்படி இருக்கு’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், எந்த வளைவில் மரம் விழுந்திருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்கள்.

வெள்ளி அருவி வந்துவிட்டால் கொடைக்கானல் வந்த மாதிரிதான். அங்கே கார்கள் இரண்டு பக்கமும் நின்று, ஜனம் ரோட்டின் குறுக்கே நடந்துகொண்டிருக்கும், ரோடும் எப்போதும் ஈரம். மெதுவாகக் கடந்து போங்கள்.

மேகத்துக்குள் நுழைந்தால்

கீழே இருந்து பார்க்கும்போது மலைமேல் மேகம், உள்ளே போனால் அது பத்தடிக்கு மேல் தெரியாத மூட்டம். பிரைட் லைட் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், டிம்மில் வையுங்கள். இடது ஓரக் கோட்டைப் பிடித்து, தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். முன்னால் போகும் காரின் பின் லைட்டை ஒட்டிக்கொண்டு போவது தைரியம் தருவது மாதிரி இருக்கும், அவர் சடக்கென்று நின்றால் நீங்கள் அவர் டிக்கியில். இன்னொன்று, கொடைக்கானல் பக்கம் காட்டெருமை ரோட்டிலேயே நிற்கும், மூட்டத்தில் கறுப்புப் பாறை மாதிரிதான் தெரியும். ஹாரன் அடித்து விரட்டாமல் தள்ளி நின்று, அது தானாக நகரும்வரை காத்திருங்கள். யானை என்றால் இன்னும் தூரம், வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு.

ரோட்டில் தண்ணீர் ஓடினால்

நிற்கிற தண்ணீரும் ஓடுகிற தண்ணீரும் ஒன்றல்ல. தேங்கி நின்றால் முன்னால் போகும் வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, முதல் கியரில், ஆக்சிலேட்டரை விடாமல் போகலாம். ரோட்டைக் குறுக்கே வெட்டி ஓடும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் கீழே ரோடு இருக்கிறதா என்பதே தெரியாது, ஒரு ராத்திரியில் பாதி ரோட்டை அரித்துக்கொண்டு போயிருக்கும். கணுக்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்கவே இறங்காதீர்கள். மழை விட்டபிறகு காத்திருந்தால் மலை ஓடைகள் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது இன்னும் பெருகியிருந்தால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் இந்தப் பக்கமே இருந்துவிடுங்கள். கடந்தபிறகு பிரேக்கை லேசாக நாலைந்து தடவை பிடித்துப் பிடித்து விட்டால் ஈரம் காயும். டிரம் பிரேக் நனைந்த உடனே சரியாகப் பிடிக்காது.

இறங்கும்போது

விபத்துகளில் அதிகம் பார்ப்பது இறக்கத்தில். அலுப்பு, பசி, வீட்டுக்குப் போகிற அவசரம், ‘ஏறியாச்சு, இனி என்ன’ என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், செங்குத்தான இடத்தில் இரண்டாவது, கொண்டை ஊசியில் முதல் கியர். இன்ஜின் உறுமும், உறுமட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், இன்ஜினை அணைத்தே உருட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வரக் கூடாது. நேரான பகுதியில், வளைவு வருவதற்கு முன், இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். ஈர ரோட்டில் வண்டி நிற்க ஆகும் தூரத்தைக் காய்ந்த ரோட்டைவிட இரண்டு மடங்காகவே நினைத்துக்கொள்ளுங்கள். வளைவில் சாய்ந்திருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும், அதைத் திருத்த நேரமே கிடைக்காது. கருகிய வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ அகலமான இடம் பார்த்து நிறுத்தி இருபது நிமிஷம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துபோகும்.

கும்பலாக வந்தால் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு இறங்குங்கள், புதியவர் நடுவில் இருக்கட்டும். முன்னால் போகிறவர் அடுத்த டீக்கடையில் நின்று எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணட்டும். பந்தயம் விட வேறு ரோடு இருக்கிறது.

நடுவழியில் சிக்கினால்

மரம் விழுந்தோ மண் சரிந்தோ ரோடு அடைத்துவிட்டால், சரிந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் வேடிக்கை பார்க்காதீர்கள். ஒரு தடவை சரிந்த இடம் மழை விட்டபிறகும் மறுபடி சரியும். 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் வழியாகப் போனபோது மரங்கள் விழுந்தும் மண் சரிந்தும் மலைப்பாதைகள் அடைபட்டன. பைக்கை இடுக்கில் நுழைத்துக் கடந்துவிடலாம் என்ற ஆசை வரும், வேண்டாம். பின்வாங்கி, மேட்டில் மரமும் பாறையும் தொங்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள், மின்கம்பி அறுந்து கிடக்கிறதா என்றும் கவனியுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. பல வளைவுகளில் சிக்னல் இருக்காது, அதனால் கடைசியாக எந்த வளைவில் சிக்னல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே ஏறுவது நல்லது. வளைவுகளில் எண் எழுதியிருப்பார்கள், உதவி கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கொடைக்கானலில் இருக்கும்போது வத்தலக்குண்டு ரோடு அடைத்துவிட்டால் பெருமாள்மலையில் பிரிந்து பழனி வழியாக இறங்கலாம், அதுவும் இதே மழையில் நனைந்த மலைதான் என்பதால் விசாரித்துவிட்டு. இருட்டிவிட்டது என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மேலேயே ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். வீட்டில் திட்டு விழும், திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபிறகு

அன்றைக்கே வண்டியில் தண்ணீர் அடித்து, செயினிலும் பிரேக்கிலும் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிவிடுங்கள், காய்ந்ததும் செயினுக்கு எண்ணெய். அப்படியே விட்டால் மறுநாள் காலை செம்பழுப்பாகத் துரு ஏறியிருக்கும். டயர் பள்ளங்களில் சிக்கிய கூர்மையான சல்லியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள், பல பஞ்சர்கள் இரண்டு நாள் கழித்து அதனால்தான் வரும். பிரேக் பேடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மறுபடி ஒரு தடவை பாருங்கள், ஒரே ஒரு மலை இறக்கம் எவ்வளவு தின்றிருக்கிறது என்பது அப்போது தெரியும். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றிக் காயவையுங்கள், ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் அடுத்த ஞாயிறு அதைத் தலையில் போட முடியாது.